எனக்காக நின்ற கார்

அன்புள்ள மச்சானுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணக்கத்தோடு எழுதுவது.

கடைசியாகக் கிடைத்த தகவல்: பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போக எனக்கு அனுமதி கிடையாது. இன்று வியாழக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, டிபன் டப்பாவை மூடிக்கொண்டே உங்கள் மருமகள், அதாவது என் அருமை மகள், இதை அறிவித்தாள். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையும் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார் என்பதால் அதைத் தனி ஆதாரமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மற்றபடி இந்த வெளிநாட்டில் நாங்கள் இருவரும் சுகம். உங்கள் தங்கைக்குச் சளி, எனக்கு மானக்கேடு, வேறு குறையில்லை. அக்காவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லவும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை தனியாக நடக்கக் கிளம்பி, பள்ளிக்கு முன்னால் ரோட்டில் வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் நின்றேன். நம் ஊர் வழக்கப்படி, இடைவெளி கிடைத்தால் கையைக் காட்டிக்கொண்டே பாய்ந்துவிடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நீலக் கார் வந்து என் முன்னால் நின்றுவிட்டது. ஒரு கார் நம் பக்கத்தில் வந்து தானாக நின்றால் அதற்கு இரண்டே காரணம்தான் உண்டு, ஒன்று விலாசம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி மக்கர் பண்ண வேண்டும். ஜன்னலருகே குனிந்து, "எங்க போகணும் உங்களுக்கு?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். உள்ளே இருந்த பெண்மணி விழித்தார், கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அதற்குள் பின்னால் ஐந்து கார்கள் நின்றுவிட்டன, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. இத்தனை பேர் பொறுமையாக நிற்கிறார்கள் என்றால் வண்டி நிச்சயமாக நின்றுதான் போயிருக்கிறது என்று முடிவு செய்து, பின்பக்கம் போய், செருப்பை நன்றாக ஊன்றி, இரண்டு கையாலும் காரைத் தள்ள ஆரம்பித்தேன். அந்தப் பெண்மணி போன வேகத்தில் நான் குப்புற விழாதது உங்கள் தங்கையின் தாலி பாக்கியம். மூன்றாவது காரில் இருந்தவர் பேத்தியின் வகுப்பு டீச்சர் என்பது சாயங்காலம் தெரியவந்தது.

"அப்பா, அந்தம்மா நின்னது உங்களுக்காகப்பா. நீங்க ரோட்டைக் கடக்கணும்னு."

"எனக்காகவா? நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாதேம்மா!"

முப்பத்தெட்டு வருடம் நிருபராக இருந்தவன். பேட்டி தருகிறேன் என்று சொன்ன ஆளின் காரே எனக்காக நின்றதில்லை.

செவ்வாய்க்கிழமை விஷயம் புரிந்த தைரியத்தில் போனேன். ஒரு பெரியவர் காரை நிறுத்தினார். வயதில் என்னைவிட மூத்தவர், அவரைக் காக்க வைத்துவிட்டு முன்னால் போவது மரியாதையா? "நீங்க போங்க" என்று கை காட்டினேன். அவர், நீங்கள் போங்கள் என்று காட்டினார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். என் கைக்கடிகாரப்படி நான்கு நிமிடம். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே நேரத்தில் பதறி நின்றோம். அவர் சிரிப்பு அதோடு நின்றது.

புதன்கிழமைதான் உச்சம். உங்கள் தங்கையும் பேத்தியும் கூட வந்தார்கள். சிக்னலில் சிவப்பு மனிதன் எரிகிறான். ரோட்டில் வண்டி இல்லை, சைக்கிள் இல்லை, ஒரு காக்கா கூட இல்லை. எட்டுப் பேர் கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கிறார்கள்.

"இவங்க யாருக்காக நிக்கிறாங்க?" என்றேன்.

"தாத்தா, சிவப்பு!" என்றது குழந்தை.

"பேசாம நில்லுங்க, உங்களுக்கு அங்க என்ன மந்திரி சபையா கூடுது?" என்றாள் உங்கள் தங்கை.

நான் நடந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு போலீஸ்காரர் காத்திருந்தார். அடிக்கவில்லை, அதட்டவில்லை. பச்சை வரும்வரை பொறுத்திருந்து, என் கையைப் பிடித்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பக் கூட்டிப்போய் விட்டார். அடுத்த பச்சைக்கு மறுபடியும் கடக்கச் சொன்னார். எட்டுப் பேரும் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள், ஆனால் ஒருவரும் வேலைக்குப் போகாமல் நின்று என்னைப் பார்த்தார்கள். குழந்தை மட்டும் கை தட்டியது.

மச்சான், விளையாட்டில்லை. நாங்கள் இங்கே இருக்கப்போவது இன்னும் மூன்று வாரம். குழந்தை காலையில் அம்மாவோடு காரில் போனால் சாயங்காலம் களைத்துப்போய் வருகிறது, சாப்பிடும்போதே தூங்கிவிடுகிறது. பள்ளிக்கு நடக்கப் பதினொரு நிமிடம். நான் அளந்துவிட்டேன். எனக்கு அந்தப் பதினொரு நிமிடம் வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் மருமகள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் விதிகளை விளக்கப்போகிறாள். பிறகு நான் தனியாகக் கடந்து காட்ட வேண்டும். அவள் என் பேச்சைத் தட்டுவாள், தாய்மாமன் பேச்சைத் தட்டமாட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் போன் போட்டு, "உங்கப்பா பொறுப்பான மனுஷன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களுக்கே நம்பிக்கை இல்லாவிட்டாலும் சொல்லுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி, ரோட்டில் இறங்கும் எல்லோருக்கும் நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பி.கு.: மாப்பிள்ளை வந்து கணினியில் அனுப்பித் தரட்டும் என்று இதை வைத்திருந்ததில் சனிக்கிழமை வந்துவிட்டது. போன் செய்ய வேண்டாம். இன்று காலை பத்து பதினெட்டுக்கு, "கோட்டுல ஆள் கால வச்சா நாம கண்டிப்பா நிக்கணும்ப்பா" என்று என் பக்கம் திரும்பி விளக்கிக்கொண்டே உங்கள் மருமகள், கோட்டில் கால் வைத்திருந்த ஒருவரைத் தாண்டி ஓட்டிப்போனாள். பின்னால் போலீஸ் வண்டி. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை இருபதாம் தேதி, அதுவரை அவள் காரைத் தொடக்கூடாது. திங்கள் முதல் ஏழு மணி பஸ்ஸில் அவள் வேலைக்கு. மாப்பிள்ளை ஆறுக்கே போய்விடுவார். உங்கள் தங்கை, "எனக்குச் சளிடி, அவரே போகட்டும்" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். ஆக, பேத்தி என் பொறுப்பு. விசாரணை தள்ளிப்போக வாய்ப்பு உண்டா என்று அதை நடத்தும் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறேன். மகளுக்குத் தெரியாது. புதன்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்வார்களாம்.