மாப்பிள்ளைக்கு வெறி ஏற்றிய ஆமைக் கார்

காருக்குள் சூடான காற்று வரவேண்டும் என்று கல்முனையில் இதுவரை எவரும் துஆக் கேட்டிருக்க மாட்டார்கள். வெளியே அடிக்கிற வெயிலில் அப்பளம் பொரிக்கலாம். ஆனால் எனக்கு அந்த வசதி வாய்த்திருந்தது. இலவசமாக, நிறுத்தவே முடியாதபடி வாய்த்திருந்தது.

நான் வாங்கிய ஆமைக் கார் வயதில் என்னைவிட மூத்தது. முதுகு வளைந்து, எஞ்சின் பின்னால் இருக்கிற அந்த ரகம். பனி பெய்யும் நாட்டில் பிறந்த வண்டி என்பதால், புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி மாட்டியிருந்தார்கள். கொதிக்கிற குழாயின்மேல் காற்றை அடித்து, அந்தச் சூட்டை உள்ளே இருப்பவர்களின் காலடிக்கு அனுப்புவது பெட்டியின் வேலை. வீணாகப் போகிற சூட்டைக்கூட விடாமல் பிடித்து, யாரோ ஒருவருடைய விறைத்த கால்களுக்காக யோசித்த அந்த மூளையை நினைத்து நான் வாயைப் பிளந்தேன். சூட்டை மூடுகிற கம்பி துருப்பிடித்து, திறந்தபடியே இறுகிப்போயிருந்ததைப் பற்றி மட்டும் பெரிதாகக் கவலைப்படவில்லை. (கால் வியர்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுவேன்.)

என் கூட்டாளி ரிஸ்வானுக்குக் கலியாணம் முடிவானபோது, மாப்பிள்ளைக் கார் என்னுடைய கார்தான் என்று நானே அறிவித்துவிட்டேன். அவன் மருதமுனை, பெண் அக்கரைப்பற்று. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஆகவே அந்த வாசலில் அவன் இறங்குவதை ஊரே பார்க்கும். கூடவே என் காரையும் பார்க்கும்.

கலியாணத்துக்கு முந்திய கிழமை காரில் ஒரு சத்தம் கேட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று அடிக்கும், சூடேறியதும் குறையும். யூடியூபில் தேடினேன். புகை கசிகிறது என்றார்கள். அதில் சொன்னபடியே உம்மாவின் பழைய துவாயைச் சுருட்டிப் புகைக்குழாயின் வாயைப் பாதி அடைத்து, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தேன். ஒரு மூட்டில் நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது. கண்ணுக்குத் தெரியாத கசிவு என் முன்னாலேயே மூச்சு விட்டது! ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று சொல்லிவிட்டேன். துவாயை உருவிவிட்டு, அந்த மூட்டுக்குப் புதுப் பெக்கிங் வளையம் வைத்து இறுக்கியதும் சத்தம் நின்றது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்து, அன்று முழுவதும் வீட்டில் யாரோடும் அதிகம் கதைக்கவில்லை.

தகரப் பெட்டிக்குள் இருந்த குழாயை மட்டும் நான் பார்க்கவில்லை. பெட்டியைக் கழற்றப் போனால் ஆணிகள் முறியும் என்று யூடியூபில் பயமுறுத்தியிருந்தார்கள். உண்மையான வெடிப்பு அந்தக் குழாயில்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. மூட்டு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்த புகையின் வாசலை நான் வெகு கெட்டித்தனமாக அடைத்துவிட்டேன். அது வெடிப்பு வழியாகப் பெட்டிக்குள் புகுந்து, சூட்டோடு சூடாக ஆட்கள் இருக்கும் இடத்துக்கே வரத் தொடங்கியது.

கலியாணத்தன்று ரிஸ்வானின் உம்மா சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்து காருக்குள் நன்றாகப் புகை காட்டினார். கோட் கசங்கக் கூடாது என்று பின் சீற்றில் அவன் மட்டும். தூசி படக் கூடாது என்று அவன் பக்கத்துக் கண்ணாடிகளை ஏற்றியாயிற்று. நான் என் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு ஓட்டினேன். பின்னால் வந்த வாகனங்களுக்காக ஊர்ந்து ஊர்ந்துதான் போனோம்.

காரைதீவு தாண்டியதும் ரிஸ்வான் சொன்னான். “மச்சான், தல சுத்துதுடா.”

“கலியாணம் எண்டா எல்லாருக்கும் சுத்தும். பேசாம இரி.”

நிந்தவூரில், “புகை மணக்கிற மாதிரி இரிக்கி” என்றான்.

“அது ஒங்கும்மாட சாம்பிராணி.”

அட்டாளைச்சேனையில் அவன் கதைப்பதை நிறுத்திவிட்டான். வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பெண்ணின் வாப்பா ஆதம்பாவா ஹாஜியார் பந்தல் வாசலில் நின்றார். பெரிய வயல்காரர். அவர் சிரித்ததற்கு ஊரில் சாட்சி கிடையாது. ரிஸ்வான் இறங்கினான், ஆடினான், ஹாஜியாரைத் தாண்டிப் போய்ப் பந்தல் தூணுக்கு ஸலாம் சொல்லி அதன்மேல் கையை வைத்தான். பிறகு திரும்பி வந்து, ஹாஜியாரின் புதுச் செருப்பின்மேல் வாந்தி எடுத்தான்.

“மாப்பிள்ள வெறியில வந்திரிக்கான்” என்று யாரோ சொன்னது எல்லாருக்கும் கேட்டது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்பதைவிடப் பெரிய சொல் எங்கள் ஊர்களில் இல்லை. ஹாஜியார் குனிந்து ரிஸ்வானின் வாயை முகர்ந்து பார்த்தார்.

“அத்தர்தான் மணக்கி. அத்தரையும் குடிக்கிறானோ தெரியா. இந்தக் கலியாணக் காவின் நடக்காது. கூட்டிக்கிட்டுப் போங்க.”

அந்த நேரம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலடியில் வந்த சூடு, நின்றுபோன சத்தம், சாம்பிராணி எல்லாம். கூட்டத்தை விலக்கி முன்னால் போனேன். “ஹாஜியார், அவன் சிகரட்டும் பத்தமாட்டான். என்ட கார்லதான் பிழ. புகை உள்ளுக்கு வருது.”

“காருக்குள்ள இரிந்தா வெறிக்குமா?”

“ஓம் ஹாஜியார்.”

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். ஒரு சொல்லில் எங்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். “அப்ப நானும் இரிந்து பாக்கன்” என்று வெள்ளை ஜுப்பாவோடு பின் சீற்றில் ஏறினார். “எல்லாக் கண்ணாடியையும் ஏத்து. ஒன்டயும் ஏத்து.”

நான் எஞ்சினை முடுக்கினேன். பந்தலே காரைச் சுற்றி நின்றது, பெண்கள் ஜன்னல்களில் நின்றார்கள். உள்ளே சூடு ஏறியது. பின்பக்கம் காட்டும் சின்னக் கண்ணாடியில் அவருடைய உதடுகள் இறைவன் பெயரைச் சொல்லி திக்ரில் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தஸ்பீஹ் மணி உருட்டிய விரல்கள் மெதுவாக நின்றன. முகம் தளர்ந்தது, எனக்கும் தலை கனத்தது.

“மனே, ஒன்ட கார்ல ரெண்டு ஸ்டியரிங்கா இரிக்கி?”

நான் பாய்ந்து கதவுகளைத் திறந்தேன். ஹாஜியார் கம்பீரமாக இறங்கி, ஜுப்பாவைச் சரிசெய்து, சபைக்கு உரக்க ஸலாம் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குள் போகப் பார்த்தார். நாலு பேர் பிடித்துத் திருப்பினார்கள். அப்போது அவர் சிரித்தார். பந்தல் முழுவதும் சாட்சி.

ரிஸ்வானிடம் தள்ளாடிப் போய் அவன் கையைப் பிடித்தார். “மன்னிச்சிக்க மனே, அவசரப்பட்டுக் கதைச்சிட்டன். தல சுத்தக்குள்ளயும் தூணுக்கு ஸலாம் சொன்ன புள்ள நீ. ஒரு கெட்ட சொல் ஒன்ட வாயால வரல்ல.”

மாமனும் மருமகனும் ஒரே தலையணையில் சாய்ந்து இளநீர் குடித்து, தலை தெளிந்த பிறகு காவின் நடந்தது. இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டியிருந்தால் கலியாண வீடு சாவு விழுந்த மையத்து வீடாகியிருக்கும் என்று பிறகு ஒரு டொக்டர் சொன்னார். ஆனால் அதைவிட அதிகம் நினைப்பது ஹாஜியாரைத்தான். அத்தனை பேருக்கு முன்னால் தன் சந்தேகத்தைத் தன் தலையிலேயே சோதித்துப் பார்த்த ஒரு மனிதரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அந்த வீட்டில் இன்றைக்கும் யாராவது நம்பமுடியாத கதை சொன்னால், “கார்ல ஏத்திப் பாப்பம்” என்பார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். போன மாதம் ஹாஜியாரே எனக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தார்.

“மனே, அந்தக் கார் இரிக்கா?”

“இரிக்கி ஹாஜியார். பெட்டியையும் குழாயையும் மாத்திட்டன். இப்ப துளிப் புகையும் உள்ளுக்கு வராது.”

ஹாஜியார் ‘ச்சு’க் கொட்டினார்.

“ஏன் மனே மாத்தின? இளையவளுக்கு மாப்பிள்ள பாத்திரிக்கம். நல்ல புள்ள, நல்ல புள்ள எண்டு எல்லாரும் சொல்றாங்க. இனி நான் எப்பிடிச் சோதிச்சுப் பாக்கிற?”