சாத்தமுது எளாவூர் வரை போய்வந்த விவரம்

திருவள்ளூர்
ராக்ஷஸ வருஷம், ஆடி 12, திங்கட்கிழமை

சிரஞ்சீவி தேசிகனுக்கு உன் அத்திம்பேர் எம்பார் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. வீரராகவப் பெருமாள் கிருபையால் இங்கே நானும் உன் அக்கா கமலவல்லியும் சௌக்கியம். என் இடது கட்டைவிரல், நெற்றி, இரண்டு முழங்கால் ஆகியவை மட்டும் இதில் சேர்த்தியில்லை. ஜம்ஷெட்பூரில் நீயும் உன் ஆத்துக்காரியும் குழந்தைகளும் நன்றாயிருக்க வேண்டும். உன் வரைபலகையும் நன்றாயிருக்கட்டும். அதன்மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது, அதிலிருந்து புறப்பட்டு இங்கே வந்து சேர்ந்த காகிதத்தின்மேல்தான்.

நீ ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிய 'ஓடும் வண்டிக்குள் சமையல் சாமான்களைப் பத்திரமாகப் பொருத்தும் முறை' என்ற வரைபடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரியாத கதையல்ல, ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உனக்கு விளங்கும். உன் அக்காவுக்குக் கல்யாணமான நாளாய்ப் பத்ரிநாதனைச் சேவிக்க ஆசை. ஆனால் வெளியிலே ஒரு வாய் சாப்பிட மாட்டாள். நாற்பத்திரண்டில் ஸ்ரீரங்கம் போகிறோம் என்று கிளம்பி, செங்கல்பட்டில் குரங்கு எங்கள் புளியோதரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், விழுப்புரம் வரை பட்டினியாய் உட்கார்ந்திருந்து, அங்கே பிளாட்பாரத்தில் சுடச்சுட வடை வண்டி நின்றும் அவள் தொடாமல், கடைசியில் அரங்கனைச் சேவிக்காமலே அடுத்த ரயிலில் ஊர் திரும்பினோம். அதற்கப்புறம் திருப்பதியைத் தாண்டி எங்கேயும் அவள் போனதில்லை. எனக்கு அது முப்பத்து மூன்று வருஷமாய் உறுத்தல். கோயில் உக்கிராணத்தில் அரிசி பருப்பு அளந்து ரிடையர் ஆன அன்றே முடிவு பண்ணினேன், அவள் வெளியே சாப்பிடாவிட்டால் போகிறது, மடைப்பள்ளியையே சக்கரத்தில் ஏற்றி பத்ரிக்குக் கொண்டுபோகிறேன் என்று. ஏலத்தில் ஒரு பழைய வேன் கிடைத்தது. அது குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசார வேன். பக்கத்தில் இருந்த சிவப்பு முக்கோணத்தின்மேல் இரண்டு கோட் வெள்ளை அடித்து, பெரிதாய்த் திருமண் எழுதச் சொன்னேன். ஒரே மழையில் முக்கோணம் எட்டிப் பார்த்துவிட்டது. இப்போது நாமத்துக்குள்ளே முக்கோணம் இருக்கிறது. உன் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "நமக்கோ குழந்தை ஒண்ணுமே இல்லை. கவர்மெண்டுக்கு நம்மைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா?" என்று சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வேனுக்குள் சாமான் பொருத்த ஆள் தேடியதில் லோகநாதன் கிடைத்தான். பழவேற்காட்டுக்காரன், படகுக் குடும்பம், இப்போது கும்மிடிப்பூண்டியில் லாரிக்கு பாடி கட்டுகிற ஷெட்டில் வேலை. வண்டியும் ஓட்டுவான். உன் படத்தை அவன் முன்னால் விரித்தேன். நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சாமி, இதுல எல்லாத்தையும் போல்ட்டு போட்டு முடுக்கச் சொல்லிக்கீறாரு. நாங்க படகுல எதையும் முடுக்க மாட்டோம், கட்டி வெச்சிக்கினு போவோம். ஆடுறது ஆடிக்கினே வரும், வுயாது" என்றான். நான் விடுவேனா? என் மைத்துனன் ஜம்ஷெட்பூரில் படம் போட்டால் அதை வைத்து யந்திரமே ஓடுகிறது, நீ கயிறு கட்டிக் காட்டுகிறாயா என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். அந்த வார்த்தையை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் அடுப்பு. நீ இடது சுவரோரம் நாலு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லியிருக்கிறாய். அப்பனே, உன் படத்தில் கிழக்கு எங்கே? பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிறவள் கிழக்கு முகமாய் நிற்க வேண்டாமா? வடக்கே போகிற வண்டியில் இடது பக்கம் மேற்கு. வண்டி திரும்பினால் தெற்கு, எமன் திசை! அம்பத்தெட்டு வயதில் நானே மூளையைக் கசக்கி, பழைய ஜீப் சக்கரத்தின் பேரிங்கின்மேல் ஒரு பலகையைப் பொருத்தி, அடுப்பையும் வெண்கலப்பானையையும் அதன்மேல் வைக்கச் சொன்னேன். வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் பலகையைக் கையால் சுற்றி அடுப்பைக் கிழக்குக்குக் கொண்டுவந்துவிடலாம். லோகநாதன் தலையைச் சொறிந்தான். "இது தட்டாமாலை சுத்தும் சாமி, அப்பால என்னைச் சொல்லக்கூடாது" என்றான். அவனைச் சொல்லவில்லை. உன்னைச் சொல்கிறேன், படத்தில் கிழக்கு போட்டிருந்தால் எனக்கு ஏன் இந்த வேலை?

கனமான சாமானெல்லாம் அடியில், முன்பக்கம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அம்மியைவிடக் கனம் எது? டிரைவர் சீட்டுக்கு அடியில் அம்மியை வைத்து போல்ட் போட்டாயிற்று. குழவிக்கு எப்படி போல்ட் போடுவது என்று நீ எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாவடு ஜாடிக்கு ஷெல்ஃபும் அதற்கு நாலு விரல் உயரத்தில் தடுப்புக் கம்பியும் உன் கணக்குப்படியே. கடைசியில் ஈயச் சொம்பு, உன் அம்மா சீராய்க் கொடுத்தது. அதை இரும்புக் கவ்வியில் இறுக்கச் சொன்னாயே, நீ அந்த ஆத்தில் பிறந்த பிள்ளைதானா? ஈயம் அப்பளம் மாதிரி மடங்கும். லோகநாதன் ஒரு சுற்று முடுக்கினதும் உன் அக்கா போட்ட கூச்சலில் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டான். அப்புறம் அவனே நூலில் ஒரு வலைப்பை பின்னி, அதில் சொம்பை உட்காரவைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டான். வலை என்றதும் உன் அக்கா மூக்கைச் சுளித்தாள். "புது நூலும்மா. மீனு இன்னா, இன்னும் தண்ணியவே பாக்கல" என்று சத்தியம் பண்ணினான். சரி என்று விட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். அதில்தான் என் பத்ரியே தொங்கியது.

"இந்தச் சொம்பு நிறையச் சாத்தமுது பண்ணி வைக்கறேன். எளாவூர் செக் போஸ்ட் வரைக்கும் போய்த் திரும்பணும். ஒரு சொட்டு கீழே சிந்தாம வந்தா நான் பத்ரிக்கு வரேன். சிந்திடுத்துன்னா இந்த ஜன்மத்துலே அந்தப் பேச்சை எடுக்கப்படாது" என்றாள். ஊரார் ரசம் என்கிற ஒரு சொம்பு சாத்தமுதில் பத்ரிநாராயணனே அடங்கிவிட்டான் பார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினோம். சாதம் வடித்து வெண்கலப்பானையில், சாத்தமுது சொம்பில். லோகநாதன் ஓட்ட, உன் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து சொம்பையே வைத்த கண் வாங்காமல் பார்க்க, நான் தரையில் சுற்றுப் பலகைக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு, ஜன்னல் வழியாய்ச் சூரியனைப் பார்த்துப் பார்த்து அடுப்பைக் கிழக்கே திருப்பிக்கொண்டு போனேன். பெரியபாளையம் வரைக்கும் ராஜ பிரயாணம். அங்கே ஆடி ஞாயிறு என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. வேப்பிலை கட்டிக்கொண்ட கூட்டம் ரோடு பூராவும். நடுவில் ஒரு ஆடு, மாலையோடு, குறுக்கே பாய்ந்தது. லோகநாதன் பிரேக்கை மிதிக்கிறான், பிரேக் இறங்கவில்லை! அம்மிக்குப் பக்கத்தில் இருந்த குழவி உருண்டுபோய்ப் பிரேக்குக்கு அடியில் உட்கார்ந்துகொண்டுவிட்டது. "குய்வி! குய்வி! சாமி, குய்விய எடு!" என்று கத்துகிறான். நான் தவழ்ந்து போகிறேன் (முழங்கால் இரண்டும் இங்கேதான் போயிற்று). அவன் ஸ்டியரிங்கை ஒடிக்கிறான். பின்னால் என் சுற்றுப் பலகை ஆளில்லாமல் தட்டாமாலை சுற்றுகிறது, கிழக்கு மேற்கு தெற்கு வடக்கு எல்லாம் மூன்று தரம். வெண்கலப்பானை எகிறி, அத்தனை சாதமும் வேன் முழுக்க அட்சதை. பலகையை நிறுத்தக் கையை வைத்தேன், கட்டைவிரல் போயிற்று. நிமிர்ந்தேன், நாலு விரல் கம்பியைத் தாண்டி மாவடு ஜாடி நெற்றியில் வந்து இறங்கிற்று. வண்டி ஒரு வைக்கோல் போரில் முட்டி நின்றது. ஆட்டுக்கு ஒன்றுமில்லை, நின்று வைக்கோல் தின்றது.

நாராயணா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், சொம்பு வலைக்குள் மெள்ள ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு சொட்டு சிந்தவில்லை. மீசையில் மாவடுத் தண்ணி சொட்ட நான் நிற்கிறேன், உன் அக்கா எழுந்து சொம்புக்கடியில் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சிந்தலையே. போலாம்" என்றாள். தேசிகா, அந்தக் குரலில் ஆசை இருந்தது. அவளுக்கும் போகணும்னு இருக்குடா.

எளாவூர் போய்ச் சேர்ந்து, ஆந்திரா எல்லையில் இருக்கிற செக் போஸ்டைத் தாண்டித் திருப்பிக்கொண்டு வந்தோம். அதுதான் வினை. ஆந்திராப் பக்கமிருந்து வருகிற வண்டி. நாமத்துக்குள் முக்கோணம், உள்ளே புளித்த வாசனை, கூரையில் ஒரு சொம்பு. மறுபடி மதுவிலக்கு வந்ததிலிருந்து அங்கே கெடுபிடி. காவலுக்கு நின்றவர் மரியாதையாய்த்தான் கேட்டார், "சொம்புல இன்னா பெரியவரே?" சாத்தமுது என்றேன். அப்படி ஒரு சரக்கை அவர் கேள்விப்பட்டதே இல்லை. "திறந்து காட்டுங்க, போதும்" என்றார். திறந்து காட்டியிருக்கலாம். கோயில் உக்கிராணத்தில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவனைப் பார்த்துச் சாராயமா என்று கேட்கிற மாதிரி எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இதோ பாரும்!" என்று சொம்பைத் தூக்கி, வாயை வைத்து, இரண்டு மடக்கு குடித்துக் காட்டினேன். அவர் சலாம் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் உன் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "பெருமாளுக்கே இன்னும் காட்டலை. எச்சில் பண்ணிட்டேளே!" என்றாள். அவ்வளவுதான். வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வண்டிக் காகிதத்தில் இன்னும் பிரசார வேன் என்று இருந்ததால் அதைச் செக் போஸ்ட் ஆபீஸில் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. முன்னால் நாற்பது லாரி. மணி மூன்றாகிவிட்டது. சாதம் தரையில், சாத்தமுது எச்சில், காலையிலிருந்து பச்சைத் தண்ணி இல்லை. இனி எழுதப்போவது உன்னோடு இருக்கட்டும், அக்காவிடம் மூச்சு விடாதே. காகிதம் காட்டிவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, லாரிக்குப் பின்பக்கமாய்ப் போய், கன்னியம்மா என்று ஒருத்தி அடுப்பு போட்டிருந்தாள், அங்கே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நாலு இட்லி தின்றேன். லோகநாதன் முன்னாடியே அங்கேதான் உட்கார்ந்திருந்தான். "பசி பேஜாரு சாமி. நீ துன்னு, நா ஒண்ணும் பாக்கல" என்றான். தொண்டையில் இறங்கும்போது கண்ணில் ஜலம் வந்தது. பாதி வெட்கம், பாதி அவள் மிளகாய்ப்பொடி. அங்கே வேனுக்குள் உன் அக்கா பட்டினியாய் உட்கார்ந்திருக்கிறாள், இங்கே அவள் ஆம்படையான் இட்லி தின்கிறான். நான் ஒரு மனுஷனா?

வழி நெடுகப் பேசாமலே வந்தாள். முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. பட்டினியில் பித்தம் ஏறியிருக்கும். சொம்பைப் பற்றியோ பத்ரியைப் பற்றியோ நான் கேட்கவில்லை, கேட்கிற முகம் எனக்கு ஏது? ஆகவே பத்ரி யாத்திரை ரத்து. வேனைப் பெரியபாளையத்தில் பக்தர்களை ஏற்றிப்போக ஒருத்தன் கேட்கிறான், கொடுத்துவிடுகிறேன். ஹரித்வாரில் எங்களோடு வந்து சேர நீ எடுத்த லீவை ரத்து செய்துவிடு. வரைபடத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அதை வைத்து நீயாவது யாருக்காவது நல்லது செய், சமையலறைப் பக்கம் மட்டும் போகாதே.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். எல்லோரும் தீர்க்காயுசாய், ஓடாத வீட்டில், அசையாத அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுச் சுகமாயிருக்கப் பெருமாள் அனுக்கிரகம் பண்ணட்டும்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
எம்பார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் உன் அக்கா கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட்டாள். நான் தூணோடு தூணாய் நின்றேன். "நாலுன்னு எழுதியிருக்கேள். கன்னியம்மா ஏழுன்னாளே?" என்றாள். நான் இட்லியைத் தின்றுவிட்டு நிஜமாகவே காகிதம் காட்டப் போனதும் இவள் இறங்கிப் போயிருக்கிறாள், ஒரு வாய் தண்ணி கேட்க. "இப்பத்தான் நாமம் போட்ட பெரியவரு ஒருத்தரு ஏழு இட்லி துன்னுட்டுப் போறாரும்மா, நீயும் துன்னு" என்று அவள் உபசாரம் பண்ணியிருக்கிறாள். "அவரே சாப்பிட்டாச்சு, இனிமே நான் யாருக்காகப் பட்டினி கிடக்கணும்?" என்று இவளும் உட்கார்ந்து ஐந்து தின்றிருக்கிறாள். யாருக்காகவா? "நீ வெளியிலே சாப்பிட மாட்டாயேன்னுதானேடி நான் முப்பத்து மூணு வருஷமா..." என்றேன். "நானா? விழுப்புரத்துலே வடைக்குக் கை நீட்டப் போனேன். நீங்கோ என்னையே பார்த்தேள். உங்களுக்குப் பிடிக்கலைன்னு மடக்கிண்டேன்" என்றாள். தேசிகா, நான் பார்த்தது வாஸ்தவம். வடை வேணும்னு கேட்க மாட்டாளா, அந்த சாக்கில் நானும் ஒன்று வாங்கித் தின்னலாமே என்றுதான் பார்த்தேன்!

ஆகையால் மேலே எழுதியதில் தேதியைத் தவிர எதையும் எடுத்துக்கொள்ளாதே. லீவை ரத்து செய்யாதே. வேன் விற்பனைக்கில்லை. லோகநாதன் வந்து அடுப்பு, அம்மி, ஷெல்ஃப் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டிருக்கிறான், சொம்பும் வலையும் மட்டும் இருக்கட்டும் என்கிறாள் உன் அக்கா. அடுத்த வாரம் பத்ரிக்குக் கிளம்புகிறோம், விழுப்புரம் வழியாக. வடக்கே இருக்கிற பத்ரிக்கு யாராவது தெற்கே போவார்களா என்று படம் போட்டுக் காட்டாதே. வடையைத் தின்றுவிட்டுத் திருப்பிக்கொள்கிறோம்.