பரணில் இருந்த பூதங்கள்

ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வருகிறார், பரணில் கிடக்கும் புத்தகப் பெட்டியும் போகிறது என்று மனைவி பிரவீனா சொன்ன அன்றே ஹரீஷ்குமார் முடிவு கட்டிவிட்டார். உயிரே போனாலும் பெட்டி போகக்கூடாது. அதை அவளிடம் சொல்வதற்கு மட்டும் உயிர் போதவில்லை.

பெட்டியில் இருந்தவை நாற்பது ஆங்கிலப் பத்திரிகைகள். ஓசூர் சிப்காட்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த காலத்தில் பெங்களூர் நடைபாதையில் பொறுக்கியவை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் மாறி, பகடை உருட்டிப் பூதங்களோடு மோதும் ஆட்டத்துக்கான பத்திரிகைகள். கூட ஆடிய அறைத்தோழன் விமல்ராஜ் மலேசியா போய் இருபது வருஷம். அதன்பிறகு ஆடுவதற்கு ஆள் இல்லை. லீவு நாளில் தனியாகப் புரட்டுவார். தனியாகச் சிரிப்பார். "என்னங்க அது?" என்று பிரவீனா கேட்டால், "உனக்குப் புரியாது" என்பார்.

அந்தப் புரியாமையை நம்பித்தான் சனிக்கிழமை திட்டத்தை அவிழ்த்தார்.

"ஒரே ஒரு ஆட்டம். நீ தோத்தா பெட்டி பரண்லயே இருக்கும்."

"ஜெயிச்சா?"

"பெட்டி உனக்கு."

"சரி, ஆரம்பிங்க."

"குகைக்குள்ள போற. எதிர்ல பூதம். பனைமர உசரம். என்ன பண்ணுவ?"

"சாப்ட்டியான்னு கேப்பேன்."

"பூதத்துகிட்டயா!"

"பசியில இருக்கறவங்கள வேற என்ன கேக்கறது? களியும் கீரைக் கொழம்பும் வெப்பேன்."

பகடையை உருட்டினாள். இருபது முகப் பகடை. பத்தொன்பது விழுந்தது.

ஹரீஷ்குமார் அசரவில்லை. "பூதம் களி தின்னாது. ஒரே மிதி. நீ காலி."

"அதெப்படி? பதினொன்னாவது புத்தகம், முப்பத்திநாலாம் பக்கம். பதினஞ்சுக்கு மேல விழுந்தா பூதம் சிநேகமாயிடும். நீங்களே பென்சில்ல கோடு போட்டிருக்கீங்க."

ஆட்டம் நடத்த வந்தவர் ஆட்டம் கண்டுவிட்டார்.

"நீ... படிச்சியா?"

"நீங்க பி ஷிஃப்ட் போன மூணு மாசமா. டிக்ஷ்னரி வெச்சுக்கிட்டு." அவள் குரல் இறங்கியது. "தனியாவே சிரிக்கறீங்க. கூட உக்காந்து சிரிக்கலாமேன்னுதான்."

"அப்ப பேப்பர்காரர்?"

"யாரும் வரலைங்க. நீங்களா ஆடக் கூப்பிடணுமில்ல?"

ஹரீஷ்குமார் பகடையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். தோற்றதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆள் சிப்காட்டிலேயே அவராகத்தான் இருக்கும்.

ஆனால் பந்தயம் பந்தயம்தான். பெட்டி கைமாறியது. மறுவாரம் மேல்வீட்டு சுமலதாவும் எதிர்வீட்டு பாப்பம்மாவும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். கதை சொல்வது பிரவீனா. சுமலதா மந்திரவாதி. பாப்பம்மா கையில் வில்.

"எனக்கு?" என்றார் ஹரீஷ்குமார், ஆவலாக.

"மூட்டை சுமக்கற கழுதை. அது ஒண்ணுதான் மிச்சம்."

நாலு நிமிஷம் பொறுத்தார். "பிரவீனா, அந்தக் கதவுல பொறி இருக்கும். நான் சொல்றதக் கேட்டு..."

பத்திரிகையிலிருந்து அவள் நிமிரவே இல்லை.

"கழுதை பேசாதுங்க."