ஒரு சொட்டு விழுந்தால் கோழிக்கூடு

ஒரு வேலை தெரியாது என்பதற்காக அதைச் செய்யாமல் விடுகிற புத்தி எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன், விடுமுறையில் ரம்பமும் பிளைவுட்டுமாக உட்கார்ந்து ஒரு டிரெய்லர் கட்டியதே அதற்குச் சாட்சி.

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற குட்டிப் படுக்கையறை அது. பக்கவாட்டில் பார்த்தால் கண்ணீர்த்துளி வடிவம் (கண்ணீர் பிறகு வந்தது). ஒரே ஒரு கதவு. பின்பக்க மூடியைத் தூக்கினால் தனியாக அடுப்பு மேடை. ஜன்னல் வைத்தால் அதுவும் ஒழுகும் என்று வைக்கவில்லை. அதில் வேளாங்கண்ணி போவதாகத் திட்டம்.

என் மனைவி அமலா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஒரு சொட்டு உள்ள விழுந்தாலும் நான் ஏற மாட்டேன். அகரத்துல என் தம்பி தோட்டத்துக்குக் கோழிக்கூடாக் கொடுத்துருவேன்."

தம்பி சகாயம் அன்றைக்கே வந்து, எத்தனை கோழி கொள்ளும் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அதன்பின் தண்ணீர் எப்படி நுழைகிறது என்பதே என் ஆராய்ச்சி. மூடியின் கீல் பக்கம் நுழைந்த தண்ணீர், அடுப்பு மேடையில் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். கீலுக்கு மேலே அலுமினியப் பட்டை அடித்து அதை ஓரமாகத் திருப்பிவிட்டேன். கதவு ஓரத்தில், கார்க் கதவுக்குப் போடுகிற ரப்பர் பீடிங் ஒட்டினேன். தடிமனாக ஒட்டினால் கதவு மூடவில்லை, மெல்லிசாக ஒட்டினால் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. கடைசியில் சாக்பீஸைத் தூளாக்கி ரப்பரில் தடவி, கதவைச் சாத்தித் திறந்து பார்த்தேன். சட்டத்தில் வெள்ளை ஒட்டாத இடமெல்லாம் சந்து. அங்கே மட்டும் இன்னொரு அடுக்கு ஒட்டியதும் கதவு தொப்பென்று மூடியது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே நாலு தரம் மூடினேன். ரப்பரில் புதுசாகத் தூளும் தடவிவைத்தேன்.

சோதனை நாள், அகரம் தோட்டத்தில், உச்சி வெயிலில். நான் உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். சகாயம் வெளியே மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சுவான், அமலா பக்கத்தில் நின்று பார்ப்பாள். "ஒரே ஒரு தட்டுத் தட்டினா ஒழுகுதுன்னு அர்த்தம். நிறுத்திட்டுக் கதவைத் திற. விடாமத் தட்டினா ஒழுகலை, இன்னும் ஊத்து" என்றேன்.

கதவு மூடியது. தண்ணீர் கூரையில் இரைந்தது. மூலைமூலையாகத் தேடினேன், ஒரு சொட்டு இல்லை. எனக்கு நானே கைகுலுக்கிக்கொண்டேன். அதற்குள் உடம்பு வேக ஆரம்பித்திருந்தது. போதும் என்று கைப்பிடியைத் துழாவினேன்.

உள்பக்கம் கைப்பிடியே இல்லை. வெளியே பளபளவென்று, சாத்தினாலே விழுகிற பூட்டு. நான் திண்டுக்கல்காரன். கதவு என்றால் வெளியிலிருந்து பூட்டுவது என்றே வளர்ந்தவன். உள்ளே ஒருத்தன் இருப்பான் என்று தோன்றவே இல்லை.

கத்தினேன். தண்ணீரை உள்ளே விடாத ரப்பர் என் குரலை வெளியே விடவில்லை. தடதடவென்று தட்டினேன். வெளியே சகாயம், "அக்கா, மாமா குஷியாயிட்டாரு" என்று இன்னும் வேகமாகப் பீய்ச்சினானாம்.

ஒரே ஒரு தட்டு போதும், கதவு திறந்துவிடும். ஆனால் அது ஒழுகுகிறது என்று நானே கையெழுத்துப் போடுகிற மாதிரி. ஓங்கிய கையை இறக்கிவிட்டு, பனியனைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் போல மடையன் உண்டா? கண் இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் ஒரு தட்டுத் தட்டினேன்.

தலை முதல் கால் வரை சொட்டச்சொட்ட இறங்கினேன்.

"இம்புட்டு ஒழுகியிருக்கே மாமா. கோழியை எப்பக் கொண்டாரட்டும்?" என்றான் சகாயம்.

"வேர்வைடா" என்றேன். நம்புகிற முகமாக இல்லை.

அமலா என்னை வேப்பமர நிழலில் உட்காரவைத்து, ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு வண்டிக்குள் ஏறி, ரப்பர் நெடுக விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். விரலை நிமிர்த்திக் காட்டினாள். சாக்பீஸ் தூள், உலர்ந்தபடியே.

"வண்டி ஒழுகலடா. ஒங்க மாமாதான் ஒழுகியிருக்காரு."

வேளாங்கண்ணி போய் வந்துவிட்டோம். கதவின் உள்பக்கம் இப்போது இரண்டு கைப்பிடிகள். வீட்டில் கரண்ட் போய் நான் வேர்த்தால் போதும், "அம்மா, அப்பா ஒழுகுறாரு" என்று எங்கள் மகள் குரல் கொடுப்பாள். அமலா விசிறியோடு வந்து, கதவில் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள்.