நீலத் திரைச்சீலையின் முழு விலாசம்

தன் அறையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வெப்சைட் கட்டுவது என்று நம்மவர் முடிவெடுத்தார். எதிரி வருகிறான் என்றால் கோட்டை கட்டுவார்கள். நம்மவர் அதே வீரத்தோடு மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

அறை என்றால் பெரிய அறை ஒன்றுமில்லை. வீட்டின் கடைசியில் ஒரு ஜன்னல், ஒரு கம்ப்யூட்டர், சாய்ந்தால் முனகுகிற ஒரு நாற்காலி. ஆனால் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல் எடுபடுகிற ஒரே இடம் அந்தத் தாழ்ப்பாளுக்கு உள்ளேதான். அங்கே அவரே சொல்வார், அவரே கேட்டுக்கொள்வார்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. அவர் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்து விற்கிறவள். வாடிக்கையாளர்கள் வந்து ஹாலில் உட்கார்ந்துகொண்டு மாதிரித் துணிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். அவர்கள் எழுந்து போனால்தான் அவள் தரையில் துணியை விரித்து வெட்ட முடியும். சிலர் சுலபத்தில் எழுந்து போகிற ரகம் இல்லை.

"ஏங்க, தரையில உக்காந்து வெட்டி வெட்டி முட்டி தேஞ்சு போச்சு. அந்தக் கடைசி ரூம்ல ஒரு மேஜை போட்டுக்கறேன்."

"அது என் ரூம்."

"அங்க நீங்க என்னதான் பண்றீங்க?"

நம்மவர் கொஞ்சம் தேடிப் பார்த்து ஒரு பதிலைப் பிடித்தார். "சிந்திக்கிறேன்."

"அதை ஹால்லயும் பண்ணலாமே. இதுவரைக்கும் சத்தம் எதுவும் வந்த மாதிரி தெரியல."

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. மாதிரிகளையெல்லாம் படம் பிடித்து ஒரு வெப்சைட்டில் போட்டுவிட்டால், பார்க்கிறவர்கள் அவரவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்வார்கள். ஹால் முழுக்க அவளுக்கு. மேஜையை அங்கேயே போட்டுக்கொள்ளட்டும், ஊஞ்சல்கூடப் போட்டுக்கொள்ளட்டும். அறை அவருக்கு.

அவள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். "எல்லார் வீட்லயும் படம் தெரிஞ்சு, ஆளுங்க இங்க வர்றது நின்னுடுச்சுன்னா, அந்த ரூமுக்குள்ள நான் காலே எடுத்து வைக்க மாட்டேன். இது வாக்கு. தெரியலேன்னா மேஜை உள்ள வந்துடும்."

"தெரியும்," என்றார் நம்மவர்.

"என் தங்கச்சி வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா? அவருக்கு இதுதானே வேலை."

அங்கேதான் நம்மவர் சிலிர்த்துக்கொண்டார். சகலை என்ற உறவே வம்புக்காக ஏற்பட்டது. ஒரே வீட்டில் பெண் எடுத்துவிட்டார்கள் என்ற ஒரே குற்றத்துக்காக இரண்டு ஆண்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து ஆயுசு முழுக்க அளந்து பார்ப்பார்கள். சகலைக்கு வேலை பெரிது, வீடு பெரிது, தலையில் முடி வேறு அப்படியே இருந்தது. வெப்சைட்டையும் அவன் கையில் கொடுத்துவிட்டால் நம்மவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது? வெப்சைட்டின் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று அறிவித்துவிட்டுக் கதவைத் தாழிட்டார்.

நம்மவர் லாரி உதிரி பாகங்கள் விற்கும் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். எந்தப் பொருளானாலும் எந்த வரிசை, எந்த ராக், எந்தத் தட்டு, எந்தப் பெட்டி என்று முழுசாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் சட்டம். "அங்கதான் சார் எங்கேயோ இருக்கு" என்று சொன்ன உதவியாளர்கள் அன்றைக்கு முழுவதும் தலைநிமிர முடியாது. அவ்வளவு ஒழுங்கானவர், வெப்சைட் கட்டுவதெப்படி என்று இணையத்தில் ஒருவர் நடத்திய பாடத்தைப் பார்த்தபோது கொதித்துப் போனார். படம் எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில் அந்த ஆள் சுருக்கமாக ஒரு துண்டு எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனான். எந்த டிரைவ்? எந்த ஃபோல்டர்? பொறுப்பில்லாத பிள்ளை என்று நம்மவர் முடிவு கட்டினார்.

தன் வெப்சைட்டில் அவர் எல்லாவற்றையும் முழு விலாசத்தோடு எழுதினார். டி டிரைவ், அதற்குள் வீடு, அதற்குள் வியாபாரம், அதற்குள் திரைச்சீலை, அதற்குள் ஜன்னல், அதற்குள் நீலம். எழுதி முடித்துத் திறந்து பார்த்தால் நீலத் திரைச்சீலை திரையில் ஜம்மென்று தொங்கியது. பச்சை, மஞ்சள், பூப்போட்டது, கோடு போட்டது எல்லாமே தொங்கின. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் பார்த்து நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். தன் துணி இத்தனை அழகா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பக்கத்தை இணையத்தில் ஏற்றிய மறுநாளே வாடிக்கையாளரான எதிர்வீட்டு டீச்சர் போன் செய்தார். பக்கம் திறக்கிறது, ஆனால் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, கட்டத்துக்குள் கிழிந்த காகிதம் போல ஏதோ இருக்கிறது என்றார். டீச்சர் போன் பழசு என்று நம்மவர் தள்ளிவிட்டார். அடுத்து இன்னொரு வாடிக்கையாளரான பல் டாக்டரும் அதையே சொன்னார். அவர் போன் புத்தம் புதுசு. வாயைத் திறந்து காட்டினால்தான் அந்த மனுஷனுக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியும் என்றார் நம்மவர்.

அவள் தன் போனைக் கொண்டுவந்து அவர் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க நீலக் கர்ட்டன் இருக்கு. இங்க இல்ல."

"இருக்கு."

"எங்கங்க இருக்கு?"

"இதோ, என் கண்ணு முன்னாடி தொங்குதே. இது இல்லேன்னு சொன்னா உலகத்துல எதுதான் இருக்கு? எல்லார் போனும் கோளாறு. அதுக்கு நான் என்ன பண்றது?"

"அப்போ வாங்கறவங்க எப்படிங்க பாப்பாங்க?"

நம்மவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ணு இருக்கிறவங்க என் ரூமுக்கு வந்து பாக்கட்டும். படம் இங்க இருக்கு. நான் யாருக்கும் பயப்படல."

"சரிங்க," என்றாள் அவள்.

அந்த 'சரிங்க'வைக் கேட்டதுமே அவர் உஷாராகியிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டதெல்லாம் அவருக்குப் பிறகு வினையாகத்தான் முடிந்திருக்கிறது. ஆனால் வீராவேசத்தில் இருக்கிறவருக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்?

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தவர் தன் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பல் டாக்டர் நின்றபடியே மௌஸைப் பிடித்துக்கொண்டு பச்சையை இன்னும் பெரிதாக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலில் அசல் நீலத் திரைச்சீலையே தொங்கியது. இத்தனைக்கும் நடுவில் தச்சர் ஒருவர் முட்டிபோட்டு ஒரு பெரிய மேஜைக்குக் கடைசிக் காலை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"பலகையா கொண்டுவந்து உள்ள வச்சே பசை போட்டு முடுக்கினேன் சார். இனிமே இதைக் கதவு வழியா யாராலயும் வெளிய எடுக்க முடியாது," என்றார் தச்சர் பெருமையாக.

"நீங்கதானே எல்லாரும் ரூமுக்கு வந்து பாக்கட்டும்னு சொன்னீங்க," என்றாள் மனைவி. "வர்றவங்களுக்குத் துணியை எடுத்துக் காட்ட மேஜை வேண்டாமா?"

அன்றிலிருந்து நம்மவர் ஹால்காரர் ஆனார். சொந்த அறையில் ஒரு பேனா எடுக்கப் போனால்கூட, வரிசையில் வரச் சொல்லி யாராவது ஒரு வாடிக்கையாளர் அதட்டினார். அவமானமாக இருந்தது. ஆத்திரமாகவும் இருந்தது. ஆனால் தோற்றுவிட்டேன் என்று சொல்ல மட்டும் அவருக்கு நாக்கு வரவில்லை.

இடையில் சகலை போனில் வந்தான். அவள் போனை நீட்ட, நம்மவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் சொன்னதை அவளே எடுத்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

"நீங்க எழுதியிருக்கிற விலாசம் நம்ம கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற இடமாம். டீச்சர் வீட்டுல திறந்தா அவங்க மெஷின்லயே அந்த இடத்தைத் தேடுதாம். அவங்ககிட்ட நம்ம டி டிரைவ் ஏதுன்னு கேக்கறார். அப்புறம் இன்னொண்ணும்..."

"என் கம்ப்யூட்டர்ல எது எங்கன்னு அவன் சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா? போனை வை."

வாய் அப்படிச் சொன்னாலும் காது கேட்டுவிட்டது. டீச்சரம்மா இந்த வீட்டு டி டிரைவுக்கு எங்கே போவார் என்பது நம்மவர் மனசிலும் உறைத்தது. அதை மனைவிக்குத் தெரியாமல் சரிசெய்வது என்று முடிவெடுத்தார். கூட்டம் இல்லாத ஒரு காலையில் அறைக்குள் நழுவி, படங்களையெல்லாம் வெப்சைட் குடியிருக்கிற சர்வருக்கு ஏற்றினார். பிறகு ஸ்டோர் கீப்பர் புத்தி முழித்துக்கொண்டது. சர்வரின் அடித்தளத்திலிருந்து தொடங்கி, எந்தக் கணக்கு, எந்தப் பொது ஃபோல்டர், அதற்குள் எந்தப் படங்கள் என்று ஒரு ராக் விடாமல் முழு விலாசத்தையும் எழுதினார்.

இப்போது யாருக்குமே படம் தெரியவில்லை. முதன்முறையாக அவருக்கும் தெரியவில்லை.

வாசலில் நின்று எட்டிப் பார்த்த மனைவி, ஒரு விதத்தில் முன்னேற்றம்தான், இப்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிகிறது என்றாள். நம்மவர் ரோஷத்தோடு பழைய விலாசத்தையே திரும்பப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார். தன் ஒருவன் கண்ணுக்காவது தெரியட்டும் என்று இருந்தது அவருக்கு.

அந்த எரிச்சல் அடங்குவதற்குள் கிடங்கின் கவுன்டருக்கு ஒரு லாரி மெக்கானிக் வந்து சேர்ந்தார். இதற்கு முன் பார்த்திராத ஆள். கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி கேட்டார்.

"சார், ரெண்டாவது வரிசை, மேல் ராக், மூணாவது தட்டு, இடது மூலைப் பெட்டியில இருக்கிற பெல்ட்டு ஒண்ணு குடுங்க."

நம்மவர் எரிமலையானார். "யோவ், ராக் நம்பரெல்லாம் எங்க உள் விஷயம். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிற உனக்கு அது எதுக்கு? உனக்கு என்ன வேணும்னு கவுன்டர்ல நின்னு கேளு. பின்னாடி அது எங்க இருக்குன்னு நாங்க பாத்துப்போம். வெளியாளுக்குக் கணக்கு கவுன்டர்லேர்ந்துதான் ஆரம்பிக்குது. அதுக்குப் பின்னாடி இருக்கிறதை நீ..."

திட்டு பாதியிலேயே நின்றது. மெக்கானிக் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, சாதாரணமாக ஒரு பெல்ட் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சர்வருக்கும் ஒரு கவுன்டர் இருக்கிறது. பொது ஃபோல்டர்தான் அந்தக் கவுன்டர். வெப்சைட்டின் பெயரைத் தட்டுகிறவர்கள் நேராக அங்கேதான் வந்து நிற்கிறார்கள். அங்கிருந்து என்ன வேண்டும் என்று கேட்டால் போதும். அவரோ ஊரில் உள்ளவர்களையெல்லாம் கிடங்கின் பின்கதவிலிருந்து ராக் நம்பர் ஒப்பிக்க வைத்திருந்தார். அதை நினைத்து நம்மவருக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆனந்தமாகவும் இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானே கண்டுபிடித்ததில் ஆனந்தம்தான் ஒரு பிடி கூடுதல்.

வீட்டுக்கு ஓடிவந்து, டாக்டரை நாற்காலியிலிருந்து எழுப்பி உட்கார்ந்தார். சர்வர் விலாசத்தை மறுபடி எழுதி, அதில் கவுன்டர் வரைக்கும் இருந்த நீளத்தையெல்லாம் வெட்டினார். படங்கள், ஜன்னல், நீலம் என்று சின்னத் துண்டு மட்டும் மிஞ்சியது. அந்தப் பொறுப்பில்லாத பிள்ளை எழுதியதும் ஏறக்குறைய இதேதான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரின் போனில் நீலத் திரைச்சீலை தெரிந்தது. டீச்சர் வீட்டிலும் தெரிந்தது. மனைவியின் போனில் அத்தனை நிறமும் தெரிந்தது.

"ஜெயிச்சுட்டீங்க," என்றாள் அவள். முகத்தில் வருத்தமே இல்லை. மாதிரித் துணிகளை வாரிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். "சொன்ன வாக்கு மாற மாட்டேன். இனிமே இந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

நம்மவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, அதன் முனகலைச் சங்கீதமாகக் கேட்டார். மேஜை பாதி அறையை அடைத்துக்கொண்டு நின்றது. நின்றுவிட்டுப் போகட்டும். ஜெயித்தவனுக்குக் கொஞ்சம் பெருந்தன்மை வேண்டும்.

அந்தப் பெருந்தன்மை அதிக நாள் நீடிக்கவில்லை. படம் எல்லாருக்கும் தெரிய ஆரம்பித்ததும் எங்கெங்கிருந்தோ ஆர்டர் வந்தது. முகம் தெரியாதவர்களெல்லாம் நீலம் கேட்டார்கள். ஓர் ஆஸ்பத்திரி மொத்தமாகப் பச்சை கேட்டது. ஹால் முழுக்கத் துணி மூட்டை ஏறி, உட்கார இடமில்லாமல் போனது. ஒரு விடுமுறை நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் நிலைப்படிக்கு வெளியே சரியாக ஒரு விரற்கடை தள்ளி மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு துணிச் சுருள். கையில் கத்தரிக்கோல், அதன் பிடி அவர் பக்கம் நீட்டியிருந்தது.

"என்ன இது?"

"ஹால்ல விரிக்க இடமில்லைங்க. மேஜை உங்க ரூம்ல இருக்கு. வெளிய எடுக்க முடியாது, நான் உள்ள வர முடியாது. வாக்குக் குடுத்திருக்கேன். நீங்களே வெட்டிக் குடுத்துடுங்க, நான் இங்கேர்ந்து சொல்றேன்."

"நான் வெட்ட மாட்டேன். இது என் ரூம்."

"உங்க ரூம்தான். யாரு இல்லேன்னா? அதனாலதானே நீங்க வெட்டறீங்க."

வேண்டுமானால் வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள், நீயே உள்ளே வந்து வெட்டிக்கொள் என்று சொல்லலாம். சொன்னால் அறை போய்விடும். நம்மவர் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. மார்பை நிமிர்த்தி, கத்தரிக்கோலை வாங்கி, துணியை மேஜைமேல் விரித்து, அவள் சொன்ன அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டார். கோடு கோணலாகப் போகிறது என்றாள். அழித்து மறுபடி போட்டார். என்ன இருந்தாலும் சகலையின் உதவி இல்லாமல், யார் தயவும் இல்லாமல், தானே மூளையைக் கசக்கி ஜெயித்த அறை. அந்தப் பெருமையை யாராலும் பிடுங்க முடியாது என்று நினைத்துக்கொண்டபோது அவருக்கு முதுகு வலிகூட அவ்வளவாகத் தெரியவில்லை.

"முதல்ல அந்த லாரி மெக்கானிக் வீட்டுத் துணியை வெட்டுங்க," என்றாள் அவள், நூலை ஊசியில் கோத்துக்கொண்டே. "ராக் நம்பரைச் சொல்லிக் கேளுங்கன்னு நான்தான் அனுப்பி வச்சேன். பாவம், உங்ககிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாராம்."