சந்திக் காக்கா வீடு மாறிய கதை

பாலாவிச் சந்தியில் பஸ்கள் நேர அட்டவணைப்படி ஓடியதே இல்லை; சந்திக் காக்காவின் உத்தரவுப்படியே ஓடின. எழுபது தாண்டிய மனிதர். என் மருந்துக் கடைக்குப் பின்னால் அவர் வீடு. காலையில் கடை வாசலில் கதிரையைப் போட்டால், தொழுகைக்கும் சோற்றுக்கும் மட்டுமே எழும்புவார்.

புறப்படும் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்துவார். "பொறு தம்பி, டீச்சர் இன்னும் வரல்ல." சாரதி முணுமுணுத்தபடி காத்திருப்பார். டீச்சருக்கு அன்று லீவு என்பது பிறகுதான் தெரியவரும். மீன் வாங்கிப் போகிறவர்கள் பையைத் திறந்து காட்டாமல் அவரைத் தாண்ட முடியாது. நல்ல மீனில்லை என்று அவர் சொல்லிவிட்டால், அன்று வீட்டில் குழம்பே ருசிக்காது.

லொறிகள் கிளப்பும் தூசியில் வாப்பாவின் நெஞ்சு கெட்டுவிடும் என்று மகன் பயந்தார். கனமூலைக் கிராமத்தில் தென்னந்தோட்டத்துக்குள் வீடு கட்டி அழைத்துப் போனார். நல்ல காற்று, வாசலில் நிழல். கொடுத்து வைத்த மனிதர் என்றோம்.

அங்கேயும் வாசலில் கதிரையைப் போட்டுப் பார்த்திருக்கிறார். வந்தது ஒரு மாடு. எங்கே போகிறாய் என்று அதையும் விசாரித்ததாகக் கேள்வி. தேங்காய் பறிக்க ஏறியவரைக் கதையில் பிடித்துக்கொண்டதில், அவர் இறங்கவே மத்தியானமாகிவிட்டது. காக்காவுக்கு இருமல் நின்றது. சாப்பாடும் நின்றது.

ஒருநாள் அந்த ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், ஒருவர் இறந்துபோன மௌத்துச் செய்தியை அறிவித்தார்கள். பெயரைக் கேட்டதும் ஊரே கிளம்பியது. காக்காவுக்கு மட்டும் அந்தப் பெயருக்கு ஒரு முகம் வரவில்லை. மகனைக் கூப்பிட்டுச் சொன்னாராம்:

"மகன், நான் மௌத்தானா இங்க என்ட பேரையும் சொல்லுவாங்க. 'ஆரு அது?' எண்டு கேப்பாங்க. பாலாவியில ஒருத்தனும் அப்பிடிக் கேக்கமாட்டான்."

மகன் மறுநாளே த்ரீவீலரில் திரும்பக் கொண்டுவந்து விட்டார். தூசிக்கு முகக்கவசமும் வாங்கிக் கொடுத்தார். காக்கா அதைத் தாடிக்கு மாட்டிக்கொண்டு மறுபடி ஊரை விசாரிக்கத் தொடங்கினார்.

போன நோன்புக்குக் கொஞ்சம் முந்தி மௌத்தானார். பள்ளிவாசலில் அடையாள அட்டையிலுள்ள முழுப் பெயரை முறையாக அறிவித்தார்கள். சந்தியில் நின்ற நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து, "ஆரு அது?" என்று கேட்டோம். அப்படியொரு பெயரை எங்களில் யாருமே அறிந்ததில்லை. சற்றுப் பொறுத்து, பாங்கு சொல்லும் மோதினார் மறுபடி மைக்கைத் தட்டினார்.

"நம்மட சந்திக் காக்கா," என்றார்.

கடைகள் ஒவ்வொன்றாக மூடின. நானும் மூடினேன். என் சொந்த வாப்பாவுக்குக்கூட நான் அப்படி அழுததில்லை.