காட்சிக்கு மட்டும் ஒரு நுண்ணோக்கி

மனிதர்களில் ‘காப்பாளர்’ என்றோர் இனம் உண்டு. பயன்படுத்தினால் பொருள் தேய்ந்துவிடும், பயன்படுத்தாவிட்டால் பெருமை வளரும் என்பது அவர்கள் கொள்கை.

நன்கு கொழுத்த மாதிரியைப் பார்க்க வேண்டுமானால், பல்கலைக்கழகத்தின் நானோ தொழில்நுட்ப மையத்துக்கு வாருங்கள். அதன் இயக்குநர், அணுக்களின் வரிசையையே காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக எத்தனையோ படியேறி, எத்தனையோ பேருக்குக் கும்பிடு போட்டு, கடைசியில் வாங்கியே விட்டார். குளிரூட்டிய அறையில் நிறுத்தி, கண்ணாடிக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போட்டதுதான். விருந்தினர் வந்தால் மட்டும் வெளியே வரும்.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி தினமும் அந்தக் கதவோரம் நின்றாள். புதிய உலோகக் கலவையில் அவள் செய்திருந்த மெல்லிய படலம், அடைத்த குப்பியிலும் இந்த வாரத்துக்கு மேல் தாங்காது, வெளுத்துவிடும். படம் இல்லையேல் பட்டம் இல்லை.

“ஒரே ஒரு தடவ பாத்துக்கறேன் சார்.”

“அவசரப்படாதம்மா. வெள்ளிக்கிழமை நிதிக் குழு வருது. தூசி தும்பு பட்டா யாரு பதில் சொல்றது?”

“பாக்கத்தானே சார் மெஷின்?”

“அதான் கண்ணாடி வழியா தினமும் பாக்கறோமே!”

குழு வந்தது. இயக்குநர் சுவரில் தொங்கிய படத்தைப் பெருமையோடு காட்டினார். தேன்கூடு போல அடுக்கிய அணுக்கள்.

“எல்லாம் இதுல எடுத்ததுதான்.”

குழுத்தலைவி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “இதே படம் எங்க ஆபீஸ் காலண்டர்ல இருக்கே! மெஷின் விக்கறவங்க குடுத்தது. நீங்க எடுத்தத காட்டுங்களேன்.”

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. மறுகணம், கதவோரம் நின்ற மாணவியைப் பார்த்து, “அம்மாடி! உன் குப்பி எங்கம்மா?” என்று கூவினார். அப்படியொரு பாசக் குரலை அவள் அவரிடம் கேட்டதே இல்லை.

“கையிலதான் இருக்கு சார்.” கையில் ஏன் இருந்தது என்று கேட்காதீர்கள். அவளும் பிழைக்கத் தெரிந்தவள்தான்.

அவளே இயந்திரத்தை இயக்கினாள். திரையில் மெல்ல மெல்ல, பனி படிந்த சிலந்தி வலையைப்போல அவள் உழைப்பு விரிந்தது. குழு கைதட்டியது. அவளுக்குக் கண் கலங்கியது. பட்டம் பிழைத்தது.

விருந்தினர் வண்டி வாசலைத் தாண்டியதோ இல்லையோ, அந்தப் படம் பெரிதாக அச்சாகிச் சுவரேறியது. கதவு பூட்டிக்கொண்டது.

“சார், அடுத்த படலம்…”

“இன்னும் எதுக்கும்மா? அதான் சொந்தப் படமே கெடச்சாச்சே!”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்று சொல்லுங்கள்: டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறை கிழிந்தபோது, ஓடிப்போய் இன்னோர் உறை வாங்கிவந்தது யார்?